பிழை கருத்திலா, கண்ணிலா?

கல்வியைக் கண்ணாகப் போற்றுவது தமிழ்மரபு. அக்கல்விக்கண் திறத்தற்கு முகத்துக்கண் முதலில் தெளிதல் வேண்டும் என்பதை யான் ஒரு சிறுவனிடத்தே கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வன்னியில் ஒரு கிராமப் பாடசாலையில், டவுண் சிண்ட்றோம் உடைய சிறுவன் ஒருவன் என் வகுப்பிற் சேர்ந்தான். புத்தகத்தை விரித்தால் உடனே மூடிவிடுவான்; முற்றத்துக் காகத்தையோ கண்கொட்டாது நோக்குவான். “படிப்பில் நாட்டமில்லை” என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

இந்நிலையை 1866ஆம் ஆண்டில் இலாங்டன் டவுண் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்தார். இருபத்தோராம் நிறமூர்த்தம் ஒன்று மிகுதலே இதன் காரணம் என்பதை 1959இல் இலெசேனும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். அம்மிகுதி கண்ணையும் தொடுகின்றது. கதிராளியிற் சிறு வெண்புள்ளிகள் தோன்றலாம், அவற்றாற் கேடில்லை. மாறுகண், விழிநடுக்கம், கண்புரை என்பன ஏனையோரினும் இவர்களிடம் மிகுதி. கண்ணை ஓயாது கசக்குவதைத் தடுத்தல் நன்று. விழியின் முன்னுள்ள தெளிந்த படலம் கூம்பி மெலியும் நோயும் இவர்களிடம் மிகுதியாதலின், கசக்குதல் அதனை வளர்க்கக்கூடும்.

பார்வை நரம்பு விழித்திரையைச் சேரும் வட்டத்திலே, குருதிக்குழாய்கள் வண்டிச்சில்லின் ஆரக்கால்கள்போல வழமையினும் பலவாய்ப் பிரிந்திருத்தலுமுண்டு. சிலரிடம் அவ்வட்டம் வீங்கியதுபோலத் தோன்றும். ஆயினும் அது மெய்யான வீக்கமாகாதிருக்கலாம். இவ்வேறுபாட்டைத் துணிதல் கண் வைத்தியர்க்கே உரியது.

ஆசிரியர் அறியவேண்டியது வேறொன்று. அண்மைப் பொருளை நோக்குங்கால் விழிவில்லை பருத்தல் வேண்டும். இப்பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்கு அவ்வாற்றல் குறைவு. ஆகவே காகம் தெளியும், எழுத்து மங்கும். மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி அண்மைக்குமான மூக்குக்கண்ணாடி இதற்கு உதவும் என்பதைக் கார்டிவ் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டியுள்ளனர். கண்ணாடி அணிந்தபின்னரும் பார்வை சற்றே குன்றியிருக்கக்கூடுமாதலால், எழுத்துப் பெரிதாயும் தடித்தும் இருத்தல் நலம்.

அச்சிறுவனுக்கும் அத்தகைய கண்ணாடி கிடைத்தது. அணிந்த முதல்நாளே புத்தகத்தின்மேற் குனிந்து, ‘அ’ என்னும் எழுத்தில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து நோக்கினான். என் குறிப்பை அன்றே வெட்டினேன்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஆசிரியராயும் பெற்றோராயும் விளங்கும் பழைய மாணவர்களே! இத்தகைய பிள்ளையைப் பிறந்த ஆறு மாதத்துள்ளே கண் வைத்தியரிடம் காட்டுமின். ஆண்டுதோறும் மறவாது காட்டுமின். கண்ணைச் சோதிக்குமுன் கருத்தைக் குறைகூறாதிருப்போமாக.