மைக்கில் இரைச்சல் மட்டும் பதிவாகிறதா?

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பின் கெடார் போன்ற ஊர்க் கடைகளிலும் கம்ப்யூட்டர் இடம் பிடித்துவிட்டது. விழுப்புரத்து மொத்தக் கடைகளுக்கு ஆர்டரைப் பேசிப் பதிந்து அனுப்புவோரும் உண்டு. மூட்டைக் கணக்கும் விலையும் சொன்ன இடத்தில் 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் கேட்டால் சரக்கு மாறித்தான் வரும். எங்கள் கடைக்கு அப்படி வரும் ஆர்டரை எழுத்திலும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

அதற்காக மைக்கைத் தூக்கி எறிய வேண்டாம். முதலில் பின்னைப் பாருங்கள். செல்போன் ஹெட்செட்டின் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். தனி மைக்கின் பின்னில் இரண்டுதான். மேஜைக் கம்ப்யூட்டரின் ரோஸ் நிறத் துளை தனி மைக்குக்கு உரியது. செல்போன் ஹெட்செட்டை அதில் செருகினால் பேச்சு ஏறாது, இரைச்சல்தான் ஏறும். மைக்கையும் ஸ்பீக்கரையும் பிரித்துத் தரும் சிறு வயர் ஒன்று போதும். பின் பாதி செருகியிருந்தாலும் இதே கதைதான்.

சவுண்ட் செட்டிங்கில் 'மைக் பூஸ்ட்' முழுதாக ஏற்றியிருந்தால் குறைக்கவும். அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்து பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் மைக்கில் இல்லை; சார்ஜரிலோ கடையின் எர்த்திலோ இருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடவும். (பல பழைய கடைகளில் எர்த் பெயருக்குத்தான்!) எதற்கும் மசியவில்லையா? மைக்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்த பிறகே புதிது வாங்கவும்.