சும்மா கிடைத்த குறட்டுக்குக் குறை சொல்லலாமா?

அன்பளிப்பு என்றதும் எமக்கு நினைவுக்கு வருபவை சேலை, சுவர்க்கடிகாரம், குத்துவிளக்கு, கண்ணாடிக் குவளைகள் போன்றவையே. ஒரு பெண்ணுக்குத் தொழிற்கருவியை அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கம் எம்மிடையே குறைவு. ஆயினும் சுயதொழில் செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்தும் சகோதரி ஒருவருக்கு நல்லதொரு கருவியை விடப் பயனுள்ள அன்பளிப்பு வேறில்லை என்பது எனது அனுபவம். பிழையான கருவியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் கண்டிருக்கின்றேன். அந்தப் பிழையைச் செய்தவளும் நான்தான் என்பதால் இதனை எழுதுகின்றேன்.

2013 ஆம் ஆண்டு. யுத்தம் முடிந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. சமூகவியல் பட்டம் பெற்ற கையோடு வன்னியில் சமூகப் பணியாளராகச் சேர்ந்திருந்தேன். மீள்குடியேறிய கிராமமொன்றில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சேர்ந்த இருபது பேருக்கு மணிகளாலும் கம்பியாலும் தோடு, மாலை, காப்பு செய்யும் பயிற்சி வழங்கப்பட்டது. முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருவிப் பெட்டி. பெட்டிகளை வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. மூன்று கடைகளில் விலை கேட்டு, குறைந்த விலை சொன்ன கடையில் வாங்கினேன். கம்பி வெட்டும் குறட்டைத் திறந்து மூடிக்கூடப் பார்க்கவில்லை. படம் எடுத்தோம், கையொப்பம் வாங்கினோம், அறிக்கை அனுப்பினோம்.

ஆறு மாதங்களின் பின்னர் பயிற்சி பெற்ற அக்கா ஒருவரின் வீட்டுக்குப் போனேன். ஷெல் துண்டு பட்டதால் அவரது வலது கைப் பெருவிரலுக்குப் பலம் குறைவு. முற்றத்தில் கோழிக்கூட்டுக்கு வலை அடித்துக்கொண்டிருந்தார். அவரது கையில் இருந்தது நாம் கொடுத்த குறடு.

“என்னக்கா, இப்ப தோடு செய்யிறேல்லையோ?” என்று கேட்டேன்.

“செய்தனான் பிள்ளை. கடைக்காரர் திருப்பித் தந்திட்டார். கொளுக்கி நுனி காதைக் கீறுதாம். இந்தக் குறடு வெட்டுதில்லை, நசிச்சுத்தான் அறுக்குது. ஒவ்வொரு நுனியையும் அரத்தால தேய்க்க ஒரு சோடிக்கே அரை மணித்தியாலம் போகுது. கையும் நோகுது.”

“ஏனக்கா முதலே சொல்லேல்லை?”

“சும்மா தந்ததுக்குக் குறை சொல்லலாமோ?”

அன்பளிப்பு ஒருபோதும் சும்மா கிடைப்பதில்லை. கொடுப்பது, பெறுவது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகள் அதனோடு பின்னியிருக்கின்றன என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியான தமது கட்டுரையில் விளக்கியுள்ளார். பரீட்சைக்காக அதனை மனனம் செய்த எனக்கு, அதன் பொருள் அந்த முற்றத்தில்தான் விளங்கியது. திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லாதவர் தமது மௌனத்தைத் திருப்பிக் கொடுக்கின்றார்.

அடுத்த மாதச் சம்பளத்தில் அந்த அக்காவைக் கூட்டிச் சென்று அவரது கைக்குப் பிடித்த குறடொன்றை வாங்கிக் கொடுத்தேன். மற்றப் பத்தொன்பது பேருக்கும் அவ்வாறு செய்ய என்னால் முடியவில்லை. அவர்களில் இருவர் வேறு குறடு வாங்குவதற்காக வாரக்கடன் எடுத்திருந்ததைப் பின்னர் அறிந்தேன்.

2024 இல் எமது மகளிர் குழுவில் ஒரு பேச்சு வந்தது. நகை செய்யும் தொழிலைப் புதிதாகத் தொடங்கும் இளம் பெண்ணொருவருக்குக் குழுவின் சார்பில் என்ன கொடுக்கலாம்? அதே அக்கா சொன்னார்: “குறடு குடுப்பம். ஆனா நான் வந்து பாத்துத்தான் வாங்க வேணும்.” பலவகைக் கம்பித் துண்டுகளைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு என்னோடு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார். அன்று அவரிடம் நான் கற்றவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கின்றேன்.

முதலில், பெறுபவர் எந்தக் கம்பியில் வேலை செய்கின்றார் என்பதை அறிய வேண்டும். கம்பியின் பருமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடக் கம்பி மெல்லியதாகும். 18 கேஜ் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், 20 கேஜ் 0.8 மில்லிமீற்றர், 24 கேஜ் 0.5 மில்லிமீற்றர். தோட்டுக் கொளுக்கிக்குப் பொதுவாக 20 கேஜ் அளவான கம்பியே பயன்படும். குறட்டின் பொதியில் அது வெட்டக்கூடிய ஆகக்கூடிய பருமன் குறிக்கப்பட்டிருந்தால் அதனை வாசியுங்கள். அந்த அளவு செம்புக்கா, உருக்குக்கா என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, அலகின் வடிவம். சாதாரண வெட்டுக்குறட்டின் அலகு இரு பக்கமும் சரிந்திருப்பதால் வெட்டிய கம்பியின் இரு நுனிகளும் கூரை முகடு போலக் கூராக நிற்கும். ‘ஃபிளஷ் கட்டர்’ எனப்படும் குறட்டின் அலகு ஒரு பக்கம் தட்டையானது. அந்தப் பக்கத்தில் உள்ள நுனி ஏறத்தாழத் தட்டையாகவும் மறுபக்க நுனி கூராகவும் வரும். ஆகவே வெட்டும்போது தட்டையான பக்கம் நாம் செய்யும் நகையைப் பார்த்திருக்க வேண்டும். காதுக்குள் போகும் கொளுக்கியை அதன் பின்னரும் அரத்தால் ஒரு தடவை மென்மையாக்குவது அவசியம். ஆனால் அதற்கு அரை மணித்தியாலம் தேவைப்படாது.

இவ்வகை அலகின் விளிம்பு மெல்லியது. செம்பு, பித்தளை, வெள்ளி போன்ற மென்மையான கம்பிகளுக்கே அது ஏற்றது. சுருள் காப்பு செய்யப் பயன்படும் மெமரி வயர் கடினமான உருக்கு. அதனை ஒரு முறை வெட்டினாலே விளிம்பில் பள்ளம் விழுந்துவிடலாம். அதற்கெனத் தனிக் குறடு தேவை.

மூன்றாவது, மூட்டு. சில குறடுகளில் இரு பாதிகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஆணியால் இணைத்திருப்பார்கள். வேறு சிலவற்றில் ஒரு பாதி மற்றப் பாதியின் துவாரத்தினூடாகச் செல்லும். இவை இலகுவில் ஆட்டம் காண்பதில்லை. எதுவாயினும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். பின்னர் அலகை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளியால் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் குறடு கம்பியை நசிக்குமேயன்றி வெட்டாது. முடிந்தால் கொண்டுபோன செப்புக் கம்பியை அலகின் நுனியால் வெட்டிப் பாருங்கள். அக்கா மூன்று குறடுகளை இப்படிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் முகம் சுளித்தார். அக்கா அசையவில்லை.

நான்காவது, கை. தானாகத் திறக்கும் சுருள்வில் இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் விரல்களால் விரிக்க வேண்டியதில்லை. காயப்பட்ட கைக்கு இது பேருதவி. ஆனால் வில் மிகக் கடினமாக இருந்தால் நாள் முழுவதும் அழுத்தும் கை களைத்துவிடும். நகை வேலைக்கு நாலரை, ஐந்து அங்குல நீளம் போதும். பெறுபவரின் கை சிறியதா, இடக்கைப் பழக்கமா, விரல் குறைவா என்பதைக் கேட்டு அறிவதில் வெட்கம் இல்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 இல் அமெரிக்க டொலரொன்று சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியபோது இறக்குமதிக் கருவிகளின் விலையும் ஏறியது. மலிவானதை இரண்டு தடவை வாங்குவதை விட, நாலைந்து பேர் சேர்ந்து நல்லதொன்றை ஒரு தடவை வாங்குவதே இலாபம்.

குறட்டோடு சில வார்த்தைகளையும் கொடுங்கள். வெட்டும் துண்டு பறக்கும். எனவே நுனியை நிலத்தை நோக்கிப் பிடித்து, மறு கையால் மறைத்து வெட்ட வேண்டும். கண்ணாடி அணிவது மேலும் நல்லது. யுத்தத்தில் ஒரு கண்ணை இழந்த சகோதரிகள் எம்மிடையே உள்ளனர். மிஞ்சிய கண்ணைக் காப்பது முக்கியம். வேலிக்கம்பிக்கு இக்குறட்டை எடுக்கக்கூடாது. கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்றால் விரைவில் துரு ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து, மூட்டில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, மூடியுள்ள தகரப் பேணியில் வைத்தால் நீண்ட காலம் உழைக்கும்.

கூரான பொருளைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அதனால் அக்கா குறட்டை மேசையில் வைத்தார். பக்கத்தில் கடைப் பற்றுச்சீட்டையும் வைத்துச் சொன்னார்: “சரிவராட்டி சொல்லு பிள்ளை. மாத்தலாம்.”

இரண்டு கிழமைகளின் பின்னர் அந்தப் பிள்ளை வந்து, “குறடு நல்லா வெட்டுது அன்ரி. ஆனா வேர்த்தால் பிடி வழுக்குது” என்றாள். அக்காவின் முகத்தில் அப்படியொரு சந்தோசம். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு கீற்றை வெட்டி, இருவருமாக இருந்து பிடியில் இறுகச் சுற்றினார்கள்.