பயனர் செய்தவற்றை இணையச் செயலி எவ்வாறு பதிந்து வைக்கிறது? மூடில் பதிவேட்டின் மாற்றம்

க.பொ.த. (உ/த) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: தரவுத்தளம் – மேலதிக விளக்கம்



தரவுத்தள அலகில் மாணவர், பாடம், ஆசிரியர் போன்ற அட்டவணைகளையே நீங்கள் பெரும்பாலும் வரைந்து பழகியிருப்பீர்கள். இவை இருப்பவற்றைப் பற்றிய அட்டவணைகள். நடந்தவற்றைப் பற்றிய அட்டவணை வேறு வகையானது. யார், எப்போது, எதை, என்ன செய்தார் என்பதை அது வைத்திருக்கும். இதனை நிகழ்வுப் பதிவேடு என்போம். பரீட்சையில் ஒரு சூழமைவைத் தந்து அட்டவணை அமைக்கச் சொன்னால், பலர் இந்த இரண்டையும் கலந்துவிட்டுப் புள்ளிகளை இழக்கின்றனர்.

ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. கொழுந்து நாளுக்குப் பல தடவை நிறுக்கப்படுகிறது. மாத முடிவில் சம்பளத் துண்டில் வருவதோ கூட்டுத்தொகை. "பகல் நிறுவையில் என் நாலு கிலோ எங்கே?" என்று ஒரு தாய் கணக்கப்பிள்ளையிடம் கேட்டால், கூட்டுத்தொகையைப் பார்த்து எவராலும் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறுவையும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால்தான் முடியும். எடை குறைந்தால் அரைப்பேர் விழும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எழுதப்படாத நிறுவை அந்தக் குடும்பத்தின் சம்பளத்தில்தான் போய் முடிகிறது.

இணையச் செயலியிலும் இதே நிலைதான். "பயனர்" அட்டவணையில் "இறுதியாக வந்த நேரம்" என்று ஒரு புலத்தை வைத்து, பயனர் வரும்போதெல்லாம் அதனை இற்றைப்படுத்தலாம். இடம் மிச்சம், வினவலும் எளிது. ஆனால் புதிய பெறுமானம் எழுதப்பட்டவுடன் பழையது அழிந்துவிடும். நேற்று வந்தாரா என்ற கேள்விக்கு அதன்பின் விடை இல்லை. நிகழ்வுப் பதிவேட்டில் இற்றைப்படுத்தல் கிடையாது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு புதிய நிரை சேர்க்கப்படும். பழைய நிரையில் எவரும் கைவைப்பதில்லை.

இனி உண்மையான ஓர் உதாரணத்தை நோக்குவோம்.

மூடில்

மூடில் என்பது கற்றல் முகாமைத்துவ மென்பொருள். அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் இதனை உருவாக்கினார். முதற் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளியாயிற்று. அவர் சிறுவயதில் பாலைவனக் குடியேற்றமொன்றில் வாழ்ந்து, வானொலி வழியாகப் பாடம் கேட்டவர். தொலைவில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நாம் தேடவேண்டியதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் மூடிலைப் பயன்படுத்துகின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் மூடிலைக் கொண்டே உருவாக்கப்பட்டது. நீங்கள் பல்கலைக்கழகம் சென்றால் முதல் வாரத்திலேயே இதனைச் சந்திப்பீர்கள்.

மூடிலின் பயனர் அட்டவணையில் இறுதியாக வந்த நேரம் என்ற புலம் இன்றும் உண்டு. விரைவாகத் திரையில் காட்டுவதற்கு அது போதும். நடந்தவை அனைத்தும் வேறோர் அட்டவணைக்குச் செல்கின்றன. அந்த அட்டவணையே காலப்போக்கில் மாறியது.

பழைய அட்டவணை

ஆரம்பப் பதிப்புகளில் லொக் என்ற ஒரே அட்டவணை இருந்தது. அதன் புலங்கள்: தொடர் இலக்கம், நேரம், பயனர் இலக்கம், ஐபி முகவரி, பாடநெறி, கூறு, பாடநெறிக் கூறின் இலக்கம், செயல், இணைய முகவரி, தகவல். பத்துப் புலங்கள், பார்ப்பதற்கு ஒழுங்காகவே தெரியும். குறை எங்கே இருந்தது?

"செயல்" புலத்தில்தான். அது வெறும் சொல். அந்தச் சொல்லை ஒவ்வொரு கூறையும் எழுதிய நிரலாளர் தம் விருப்பப்படி தெரிவுசெய்தார். வினாவிடைக் கூறில் மாணவர் விடையளித்து முடித்தால் "முயற்சியை மூடல்" என்ற பொருள்படும் சொல் பதியப்படும். ஒப்படைக் கூறில் "பதிவேற்றல்". கருத்துக்களத்தில் "பதிவு சேர்த்தல்". மூன்றும் மாணவர் எதையோ எழுதித் தந்த செயல்களே. ஆனால் "இந்த வாரம் எத்தனை பேர் எழுதித் தந்தனர்?" என்று கேட்டால், தரவுத்தளத்துக்கு இவை மூன்றும் ஒரே இனம் என்று தெரியாது. ஆகவே எந்தச் சொற்கள் "பார்த்தல்", எந்தச் சொற்கள் "எழுதுதல்" என்ற பட்டியலை ஒவ்வொரு கூறும் தனியே தன்னுடன் வைத்திருக்க நேர்ந்தது. கொழுந்து நிறுப்பவர் ஒவ்வொருவரும் தம் சொந்தச் சுருக்கெழுத்தில் எழுதி, அதை வாசிக்கும் குறிப்பையும் தாமே வைத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான்.

இன்னொரு குறை இதனைவிடப் பெரியது. ஆசிரியர் ஒருவர் மாணவியின் விடைக்குக் கையால் புள்ளியிட்டார் என்று கொள்வோம். பயனர் இலக்கம் என்ற ஒரே புலத்தில் ஆசிரியரின் இலக்கம் வரும். மாணவியின் இலக்கத்துக்குத் தனிப் புலமே இல்லை. அது முகவரிச் சரத்திலோ தகவல் புலத்திலோ எங்காவது புதைந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். "எனது புள்ளியை யார், எப்போது மாற்றினார்?" என்று அந்த மாணவி கேட்டால் நேரடியான வினவல் ஒன்றால் விடை பெற முடியாது. பதிவேடு ஒன்று கட்டாயம் விடை சொல்ல வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

புதிய அட்டவணை

2013 நவம்பரில் வந்த 2.6 பதிப்பில் புதிய நிகழ்வு முறை அறிமுகமானது. 2014 மே மாதம் வந்த 2.7 பதிப்பில் பதிவேடே மாற்றப்பட்டது. முக்கிய புலங்களை மட்டும் பார்ப்போம்.

ஒரு சொல்லாக இருந்த செயல் இப்போது பகுக்கப்பட்டது: எந்தக் கூறு, எந்த இலக்கு, என்ன செயல். உதாரணமாக "வினாவிடை – முயற்சி – சமர்ப்பிக்கப்பட்டது". இதனோடு ஓர் எழுத்து மட்டும் கொண்ட புலமொன்று சேர்க்கப்பட்டது. ஆக்கல், வாசித்தல், இற்றைப்படுத்தல், நீக்கல் ஆகிய நான்கில் நிகழ்வு எதைச் சார்ந்தது என்பதை அது சொல்லும். நீங்கள் எஸ்.கியூ.எல். பகுதியில் படிக்கும் அதே நான்கு செயற்பாடுகள்தாம். இனிச் சொற்பட்டியல்கள் தேவையில்லை. கல்வி மட்டம் என்ற புலமும் வந்தது: இது கற்பித்தற் செயலா (1), மாணவர் பங்குபற்றலா (2), வேறா (0).

புள்ளியிட்ட ஆசிரியர் பயனர் இலக்கப் புலத்தில் வருவார்; புள்ளி பெற்ற மாணவி "தொடர்புடைய பயனர்" என்ற தனிப் புலத்தில் வருவார். நிருவாகி ஒருவர் வேறொருவரின் கணக்கினுள் நுழைந்து எதையாவது செய்தால், "உண்மைப் பயனர்" என்ற மூன்றாவது புலம் அவரைக் காட்டிக்கொடுக்கும். செய்தவர், செய்யப்பட்டவர், மறைந்து நின்று செய்தவர் என மூவருக்கும் மூன்று இடங்கள்.

இதனால் என்ன பயன்? மின்வெட்டு வேளையில் மாணவர் ஒருவர் இணையப் பரீட்சை எழுதுகிறார். "நான் சமர்ப்பித்துவிட்டேன்" என்கிறார்; ஆசிரியர் இல்லை என்கிறார். முயற்சி தொடங்கியது 6.02, பக்கம் பார்க்கப்பட்டது 6.20 என்ற நிரைகள் இருந்து, "சமர்ப்பிக்கப்பட்டது" என்ற நிரை இல்லையாயின், சமர்ப்பிப்பு சேவையகத்தை வந்தடையவில்லை என்று கூறலாம். அவர் பொத்தானை அழுத்தவில்லை என்று மட்டும் கூறமுடியாது. அழுத்திய பின் இணைப்பு அறுந்திருக்கலாம். இந்த நுண்ணிய வேறுபாட்டைச் சற்று நின்று சிந்தியுங்கள்.

இயல்பாக்கம் பற்றிய ஒரு பொறி

புதிய அட்டவணையில் சூழல் இலக்கம், சூழல் மட்டம், சூழலுக்குரிய பொருளின் இலக்கம் என மூன்று புலங்கள் உண்டு. சூழல் மட்டம் 50 எனில் பாடநெறி, 70 எனில் பாடநெறியினுள் ஒரு செயற்பாடு. சூழல்களுக்கென மூடிலில் தனி அட்டவணையே இருக்கிறது. சூழல் இலக்கம் தெரிந்தால் மற்ற இரண்டையும் அங்கே எடுக்கலாம். அப்படியாயின் சாவியல்லாத புலங்கள் இன்னொரு சாவியல்லாத புலத்தைச் சார்ந்திருக்கின்றன. அட்டவணை மூன்றாம் இயல்பாக்க வடிவத்தில் இல்லை.

இது தவறா? இல்லை. ஆசிரியர் நாளை அந்த வினாவிடையை நீக்கினால் அதன் சூழல் நிரையும் நீங்கிவிடும். வெறும் சூழல் இலக்கத்தை மட்டும் வைத்திருந்த பதிவேடு அப்போது வாயடைத்து நிற்கும். நடந்த வேளையில் உண்மையாக இருந்ததை நடந்த வேளையிலேயே படியெடுத்து வைப்பதால், பொருள் அழிந்த பின்னரும் பதிவேடு பேசும். அத்துடன் அறிக்கை எடுக்கும்போது அட்டவணைகளை இணைக்கும் வேலையும் குறையும். மிகைமை தீயது என்பதற்குக் காரணம் இற்றைப்படுத்தலில் வரும் முரண்பாடு. இற்றைப்படுத்தலே இல்லாத அட்டவணையில் அந்தக் காரணம் வலுவிழக்கிறது. பரீட்சையில் "இயல்பாக்கம் செய்க" என்று கேட்டால் செய்தேயாக வேண்டும். "கருத்துரைக்க" என்று கேட்டால் இதனை எழுதலாம்.

நேரம்

மூடில் நேரத்தை "காலை 6.20" என்று சேமிப்பதில்லை. 1970 ஜனவரி 1 உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து கழிந்த செக்கன்களாகவே சேமிக்கிறது. 1735689600 என்ற எண் 2025 ஜனவரி 1 இன் தொடக்கத்தைக் குறிக்கும். நமது கடிகாரத்தில் அப்போது அதிகாலை 5.30.

இவ்வளவு சுற்றிவளைப்பு ஏன் என்று கேட்பவர்கள் நம் நாட்டையே பார்க்கலாம். 1996 மே மாதம் இலங்கை நேரம் 5.30 இலிருந்து 6.30 மணித்தியால வேறுபாட்டுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் 6.00 ஆயிற்று, 2006 ஏப்ரலில் மீண்டும் 5.30 ஆயிற்று. உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவைத்த பதிவேட்டில், 2006 ஏப்ரலில் கடிகாரம் பின்னே சென்ற அரைமணி நேரத்தின் நிகழ்வுகள் முன்பின் மாறித் தெரியும். செக்கன் எண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பழையவற்றை என்ன செய்வது?

புதிய அமைப்புக்கு மாறும்போது பழைய நிரைகளை மாற்றி எழுதலாமே என்று தோன்றும். மூடில் அவ்வாறு செய்யவில்லை. பழைய அட்டவணை அப்படியே விடப்பட்டது. அதை வாசிக்க ஒரு தனிச் செருகி தரப்பட்டது. விரும்பிய தளங்கள் ஒரே நிகழ்வைப் பழைய வடிவிலும் எழுதிவைக்க முடிந்தது. காரணம் எளிது: பழைய நிரையில் "தொடர்புடைய பயனர்" எழுதப்படவேயில்லை. இல்லாததை ஊகித்து நிரப்பினால் அது பதிவு அன்று, கற்பனை. நான் கலைப் பட்டதாரி. பழைய ஏட்டைத் தம் சொல்லில் படியெடுத்துவிட்டு மூலத்தை எரித்தவர்களைப் பற்றி வரலாற்று மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அளவையும் கவனிக்க வேண்டும். 1000 மாணவர், நாளுக்கு ஆளுக்கு 40 நிகழ்வு, 200 நாட்கள் என்று வைத்தால் 80 இலட்சம் நிரைகள். இதனால் ஒரு கோரிக்கையில் எழும் நிகழ்வுகளைச் சேர்த்து, இயல்பாக 50 வரை, ஒரே தடவையில் எழுதும் வசதி புதிய பதிவேட்டில் உண்டு. எத்தனை நாட்களின் பின் பழையவற்றை அழிப்பது என்பதையும் நிருவாகி தீர்மானிக்கலாம். ஐபி முகவரியும் நடமாட்டமும் ஒருவரின் சொந்தத் தரவுகள் ஆதலால் இது இடச்சிக்கனம் மட்டுமன்று. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இவ்விடத்தில் குறிப்பிடலாம்.

பதிவேடு சொல்லாதவை

2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடியிருந்தபோது, சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய தோட்டத்துப் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். உங்களிற் சிலர் அவர்களே. அவ்வாறு ஏறிய ஒரு பிள்ளை பாடக்குறிப்பைத் தரவிறக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி, அதனைப் பத்துத் தடவை வாசித்தால் பதிவேட்டில் விழுவது ஒரு நிரை. நகரத்தில் இணைப்புடன் இருந்து அதே பக்கத்தைப் பத்துத் தடவை திறந்து மூடிய பிள்ளைக்குப் பத்து நிரைகள். மூன்று சகோதரர் ஒரு கையடக்கத் தொலைபேசியில் ஒரே கணக்கில் நுழைந்தால் மூவரும் ஒருவராகவே தெரிவர். நிரைகளை எண்ணி "ஆர்வமற்ற மாணவர்" என்று பட்டியல் எடுப்பவர், சேவையகத்தைத் தொட்ட செயல்களை மட்டுமே எண்ணுகிறார். எத்தனை புலங்கள் கூட்டினாலும் இக்குறை நீங்காது. "நிகழ்வுப் பதிவேட்டின் வரையறைகள்" என்று வினா வந்தால் இதனை முதலில் எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. "இறுதியாக வந்த நேரம்" என்ற புலத்தை மட்டும் கொண்ட பயனர் அட்டவணையால் விடையளிக்க முடியாத இரண்டு கேள்விகளை எழுதுக.

2. தோட்டமொன்றின் கொழுந்து நிறுவையைப் பதிவதற்கு நிகழ்வு அட்டவணை ஒன்றை அமைக்க. நிறுத்தவர், கொழுந்து தந்தவர் ஆகிய இருவருக்கும் தனிப் புலங்கள் இருத்தல் வேண்டும். முதன்மைச் சாவியையும் அந்நியச் சாவிகளையும் குறிப்பிடுக.

3. மேற்படி அட்டவணையில் ஒரு நிறுவை பிழையாகப் பதியப்பட்டுவிட்டது. அந்த நிரையை இற்றைப்படுத்தாமல் பிழையைத் திருத்துவது எவ்வாறு? (குறிப்பு: திருத்தமும் ஒரு நிகழ்வே. அதைச் செய்தவர் யார் என்பதற்கும் ஒரு புலம் தேவை.)