சங்கிலி இழுத்த பந்தயக் கார்

உலக யுத்தம் ஓய்ந்து, இங்கிலாந்தில் தட்டுப்பாடு நிலவிய 1946-ஆம் ஆண்டில், லண்டனையடுத்த சர்பிட்டனில் மோட்டார் பட்டறை நடத்திவந்த சார்லஸ் கூப்பரும் அவருடைய புதல்வர் ஜானும், இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பாகங்களை ஒன்றோடொன்று இணைத்து, அதில் 500 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி, சின்னஞ்சிறு பந்தயக் காரொன்றைச் சிருஷ்டித்தார்கள். எஞ்சினின் சக்தியைச் சங்கிலி மூலம் பின்சக்கரங்களுக்குச் செலுத்த வேண்டியிருந்தமையால், அதனை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைப்பதே சௌகரியமாயிற்று. சாஸ்திர ஆராய்ச்சி எதுவும் அதற்குக் காரணமன்று என்பதுதான் வேடிக்கை. மோட்டார் சைக்கிளின் கியர்பெட்டியில் ரிவர்ஸ் ஏது? வண்டி தடம் புரண்டு திரும்பி நின்றால், இறங்கித் தள்ளத்தான் வேண்டும்! இவ்வகைக் காரில்தான் பதினெட்டு வயது ஸ்டர்லிங் மாஸ் 1948-இல் வெற்றிகளை ஈட்டத் தொடங்கினார். எஞ்சினைப் பின்னால் தாங்கிய கூப்பர் காரே 1959-இல் ஜாக் பிராபமுக்கு உலக சாம்பியன் பட்டத்தையும் பெற்றுத்தந்தது.