ஆங்கிலச் சொல் அறிவோம்: வொலட்டைல்

ஆங்கிலப் பத்திரிகையின் வாணிபப் பக்கத்தைப் புரட்டினால் 'வொலட்டைல்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். அகராதியைப் பார்த்து 'நிலையற்றது' என்று எழுதிவைத்தால் பாதிப் பொருள்தான் கிடைக்கும்.

இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே 'வொலாரே' என்றால் பறத்தல். சிறகுள்ளவற்றுக்கு வழங்கிய சொல், பிறகு ஆவியாகிப் பறந்துவிடும் பொருள்களுக்கும் வந்தது. ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றுகிறோம் அல்லவா? போத்தலைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறுகிறதே, அந்தக் குணம்தான் வொலட்டைல். பெட்ரோலும் அப்படியே, மூடாமல் வைத்தால் குறைந்துகொண்டே போகும்.

மனிதரைச் சொன்னால், நொடியில் சிரித்து நொடியில் சீறுபவர் என்று பொருள். விலையைச் சொன்னால், குறுகிய காலத்தில் வெகுவாக ஏறி, வெகுவாக இறங்குவது. ரப்பரைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? 1950இல் கொரியப் போர் மூண்டதும் விலை மளமளவென்று ஏறியது. 1952, 1953ஆம் ஆண்டுகளில் சரிந்து கிடந்தது. மரமும் அதே மரம், பாலும் அதே பால்!

ஒரு நுட்பம். நாளைக் காலை மழை பெய்து மரம் சீவ முடியாமல் போகுமா? தெரியாது. அதற்கு 'அன்பிரிடிக்டபிள்' என்பார்கள். முன்கூட்டிச் சொல்ல முடியாதது. வொலட்டைல் என்பதிலோ வேகமும் சேர்ந்திருக்கிறது. இறங்குவது மட்டுமல்ல, திடீரென ஏறுவதும் அதுதான்.

இதை அறிவதால் என்ன பயன் என்கிறீர்களா? 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். பனியிலும் கொசுக்கடியிலும் சேர்ந்த பணம். அதை வேறிடத்தில் போடச் சொல்லி ஒருவர் பாரத்தோடு வருவார். ஏறிய கதையை வாயால் சொல்வார். இறங்கும் கதை அந்த ஒரு சொல்லில், பொடி எழுத்தில் இருக்கும். சேமநிதியின் வழக்கமான கணக்கிலேயே விட்டுவைத்தால், ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத லாப ஈவுக்குச் சட்டமே உத்தரவாதம் தருகிறது. வொலட்டைல் என்று எழுதிய இடத்தில் போட்ட முதலே கரையக்கூடும்.

ஆகவே, படித்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அச்சொல்லைத் தேடச் சொல்லுங்கள். கண்டால், "போட்ட முதல் குறையுமா, ஐயா?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வரும்வரை கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.