வேலை பார்த்த வேன் நின்ற இடத்தில் ஏன் அணைகிறது?



போன கூட்டத்தில் எங்கள் குழு வேனைப் பற்றிச் சொன்னபோது, வேறு இரண்டு குழுக்காரர்களும் "எங்க வண்டியும் இப்படித்தான் அக்கா பண்ணுது" என்றார்கள். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது கார்புரேட்டர் வைத்த பழைய ஆம்னி. 1984-ல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறிய வண்டி. 2019-ல் கம்பெனி இதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. கூட்டமைப்புக் கடனில் வாங்கி, விடிகாலையில் காய்கறி ஏற்றி உழவர் சந்தைக்கு விடுகிறோம். ஹெட் கேஸ்கட் போய், இஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தோம். வண்டி வந்த மறுநாளே புதுத் தொல்லை. ரோட்டில் நன்றாக ஓடும். ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் நடுங்கி அணைந்துவிடும். "ஸ்லோ ஸ்பீடு நிக்கலை" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

திரும்பக் கொண்டுபோனோம். ஒரு ஸ்குருவைத் திருகி வேகத்தை ஏற்றிக் கொடுத்தார். அணைவது நின்றது, ஆனால் நின்ற இடத்திலேயே இஞ்சின் கத்தியது, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. மறுபடி போனால், "கார்புரேட்டரே போச்சும்மா, புதுசு போடணும்" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் வண்டியை விற்கச் சொன்னார்கள். தவணை பாக்கி இருக்கும்போது விற்றுவிட்டு, கடனை எதை வைத்துக் கட்டுவது?

பிறகு டவுனில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேலைக்கு முன்னாடி இந்தக் கோளாறு இருந்துச்சா?" இல்லை என்றோம். "அப்ப கை பட்ட இடத்துலதான் தேடணும்" என்று முன் சீட்டைத் தூக்கினார். ஆம்னிக்கு இஞ்சின் அங்கேதானே இருக்கிறது! கார்புரேட்டருக்குப் பின்னால் விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சின்னக் குழாய்க்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 15 கிலோ காற்று வேண்டும். அந்த அளவில் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டர் வேலை. காலை எடுத்தவுடன் அதன் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். கொஞ்சம் காற்று, கொஞ்சம் பெட்ரோலில் இஞ்சின் மெதுவாகச் சுற்றும். அப்போது வேறு ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் கலவை கெட்டுவிடும். இளநீர் குடிக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் எப்படி? உறிஞ்ச உறிஞ்ச காற்றுதான் வரும். ரோட்டில் வேகமாகப் போகும்போது எக்கச்சக்கமாகக் காற்று உள்ளே போவதால், இந்தத் திருட்டுக் காற்று கணக்கிலேயே வராது. அதனால்தான் ஓடும்போது நல்ல வண்டி, நிற்கும்போது நோயாளி.

இதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சோக்கை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நடுக்கம் குறைந்தால் பெரும்பாலும் காற்று எங்கேயோ புகுகிறது. "உஸ்"ஸென்று சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். கார்புரேட்டர் அடியிலும் இன்டேக் மேனிபோல்டு சேரும் இடத்திலும் லேசாகத் தண்ணீர் விட்டால், ஓட்டை உள்ள இடத்தில் இஞ்சின் சத்தம் மாறும். பிளக் வயர் பக்கம் தண்ணீர் படக்கூடாது. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள், தீப்பிடிக்கும், விடாதீர்கள். கதவு மூடிய ஷெட்டில் வைத்தும் பார்க்க வேண்டாம், புகையில் விஷ வாயு இருக்கிறது.

ஓட்டும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் ஒரு குழாய் அதற்கும் போகிறது. அது கழன்றிருந்தால் ஸ்லோ ஸ்பீடும் நிற்காது, பிரேக்கும் கல்லு மாதிரி ஆகிவிடும். அப்படி இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

காற்று புகவில்லை என்றால்? டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங் தவறியிருக்கலாம். டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் மேட்டில் இழுவையும் இருக்காது. டேப்பட் இறுக்கமாக வைத்திருந்தால் வால்வு முழுசாக மூடாமல் இஞ்சின் குலுங்கும். மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லையா என்று பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எந்த வயரை எடுத்தாலும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது. இதை மெக்கானிக்கே செய்யட்டும், நாம் தொட்டால் ஷாக் அடிக்கும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டர் பேச்சு வர வேண்டும். கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்ஷன் வண்டி என்றால் ஸ்குரு வேலையே கூடாது. ஏதாவது கனெக்டர் மாட்டாமல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேனர் போடச் சொல்லுங்கள்.

எங்கள் வண்டிக்குக் குழாயை மாட்டியதும் இஞ்சின் இன்னும் பலமாகக் கத்தியது. பயந்துவிட்டோம். ஏற்றி வைத்த ஸ்குருவை அவர் இறக்கினார், அடங்கிவிட்டது. புதுக் குழாய்க்கும் கூலிக்கும் சேர்த்துக் கொடுத்த பணம், கார்புரேட்டருக்குக் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது எந்த வேலை பார்த்தாலும் எதையெல்லாம் கழற்றினார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குகிறோம்; மாற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கி வருகிறோம்.

ஹெட் பிரித்த வண்டிக்கு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் டேப்பட்டை மறுபடி பார்க்க வேண்டுமாம். அடுத்த வாரம் சந்தைக்குப் போகாத நாளாகப் பார்த்து விடப்போகிறோம்.