நட்சத்திரம் போட்டவர் யார்?

2001 செப்டம்பரில் அமெரிக்கா 6,285,999 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை வழங்கியது. கண்டுபிடித்தவர் லாரி பேஜ். உரிமையாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். கூகுள் தேடலுக்கு அடித்தளம் போட்ட ‘பேஜ்ரேங்க்’ இதுதான். ஒரு பக்கத்துக்கு எத்தனை இணைப்புகள் வருகின்றன என்று எண்ணினால் போதாது, அவை எங்கிருந்து வருகின்றன என்றும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், காப்புரிமைகளை எடைபோடுகிறவர்கள் பல நேரம் அவற்றுக்கு வரும் மேற்கோள்களை எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கத்தில் அது மேற்கோள் காட்டும் பழைய காப்புரிமைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். சில எண்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம். 2001 முதல் வந்த வழக்கம் இது. காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் சேர்த்தது என்று பொருள். அல்காசர், கிட்டெல்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2006இல் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு காப்புரிமையில் சராசரியாக 63 சதவீத மேற்கோள்கள் நட்சத்திரம் பெற்றவை. 40 சதவீதக் காப்புரிமைகளில் எல்லாமே அப்படித்தான். கண்டுபிடித்தவர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மிச்சத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் வக்கீலின் பயம். தொடர்புள்ள பழைய ஆவணத்தைத் தெரிந்தே மறைத்தது நிரூபணமானால், அமெரிக்காவில் அந்தக் காப்புரிமையை வைத்து வழக்காட முடியாமலே போகலாம். அதனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பட்டியலை நீட்டுகிறார்கள். ஒரே விண்ணப்பத்திலிருந்து கிளைக்கும் அடுத்தடுத்த விண்ணப்பங்களும் அதே பட்டியலைச் சுமந்து வரும். ஐரோப்பாவில் பட்டியல் குட்டையாக இருக்கும். அங்கே தேடுவது முக்கியமாக ஆய்வாளரின் வேலை. அவர் ‘எக்ஸ்’ குறி போட்டால், அந்த ஓர் ஆவணமே விண்ணப்பத்தைக் கவிழ்க்கப் போதும் என்று அர்த்தம். அதுவும் கணக்கில் ஒரு மேற்கோள்தான்!

எண்ணிக்கையைக் குழப்பக் காப்புரிமையின் வயதும் துறையும் சேர்ந்துகொள்ளும். பழையதற்கு மேற்கோள் சேரக் கூடுதல் அவகாசம்; கணினித் துறையில் மேற்கோள்கள் குவிகிற வேகம் இயந்திரத் துறையில் இருப்பதில்லை.

அதற்காக எண்ணிக்கையைத் தூக்கி எறியவும் முடியாது. சி.டி. ஸ்கேன் காப்புரிமைகளை ஆராய்ந்த டிராக்டன்பெர்க், கண்டுபிடிப்பால் சமூகத்துக்குக் கிடைத்த பலனோடு மேற்கோள்கள் ஒத்துப்போவதை 1990இல் காட்டினார். இன்னொன்றும் உண்டு. உரிமையாளர்கள் எந்தக் காப்புரிமைக்குத் தொடர்ந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டுகிறார்கள் என்று ஹெக்டே, சம்பத் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2009இல் பார்த்தார்கள். விண்ணப்பதாரர் தரும் மேற்கோள்களைவிட அதோடு நெருக்கமாகப் பொருந்தியவை, ஆய்வாளர் சேர்த்த அந்த நட்சத்திர மேற்கோள்கள்தாம்.